பிள்ளைக்கேற்ற புத்தகம் தந்த கமலவேணி டீச்சர்

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் காலைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். கச்சிராயபாளையத்தில் ஏறும் கமலவேணி டீச்சருக்காக அப்படி இடம் பிடிப்பது வழக்கம். பேருந்து நின்றது. அவர் ஏறவில்லை. கண்டக்டர் என்னிடம் வந்தார்.

"பையை எடுத்துக்குங்க டீச்சர். அவங்க வரமாட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளவே முடிஞ்சிபோச்சாம்."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்து ஏறிய ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும், இறங்கத் தோன்றவில்லை. பள்ளிக்குப் போய், ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திவிட்டு, அதன் பிறகுதான் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "இன்னா டீச்சர், இப்ப வந்து சொல்றீங்க?" என்றார். மதியம் எல்லோருமாக மலையிறங்கினோம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில சொல்ல வேண்டும். கல்வராயன் மலை மேல் உள்ள எங்கள் விடுதிப் பள்ளியில் அவர் தமிழாசிரியை, நான் கணக்கு. நூலகப் பொறுப்பை யாரும் ஏற்காததால் அது அவரிடம் வந்தது. அவர் பெரிய வாசகர் அல்லர். வாரப் பத்திரிகையோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் புத்தகத்தைத் தாம் படிக்காமல் கொடுக்க மாட்டார். சமைத்துக்கொண்டே படிப்பதால் எங்கள் நூலகப் புத்தகங்களில் மஞ்சள் கறை இருக்கும்.

அவர் பொறுப்பேற்றபோது அலமாரிகளில் வகுப்பு எண் ஒட்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் எண் அலமாரியில்தான் எடுக்க வேண்டும். அவர் அந்தத் தாள்களைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறொரு முறை வைத்தார். புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு கை விரல் எல்லாம் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

அந்த முறை எட்டாம் வகுப்புப் பூங்கொடியிடம் தோற்றது. கரும்பு வெட்டப் போகும் பெற்றோரோடு ஆண்டுதோறும் பாதிப் படிப்பை விட்டுப் போன பெண். பக்கம் முழுவதும் கண்ணை ஓட்டினாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை. "எல்லாம் தெரியும் டீச்சர்" என்றாள். அன்று திரும்பும் பேருந்தில் கமலவேணி டீச்சர் என்னிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு எழுத்துக் கூட்டவே வரலைங்க. நாலு பேருக்கு முன்னாடி விரலை மடக்குன்னு சொன்னேன் பாருங்க, எம்மேல தப்பு."

விரல் கணக்கு அன்றோடு நின்றது. பூங்கொடிக்கு ஏற்றவை ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் படக் கதைகள். பெரிய பெண்ணின் கையில் அவற்றை எப்படிக் கொடுப்பது? டீச்சர் அவளை அழைத்து, "சாயங்காலத்துல விடுதிச் சின்னப் புள்ளைங்க அழுவுதுங்க. நீ தினமும் ஒரு கதை படிச்சிக் காட்டு. மொதல்ல எங்கிட்ட ஒருக்கா படிச்சிப் பார்த்துக்க" என்றார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் நூலக அறையில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாலையில் அதே கதையைப் பூங்கொடி சின்னவர்களுக்குப் படிப்பாள். அவளைக் கேலி செய்ய யாருக்கும் வழியில்லை. அக்கா சின்னதுகளுக்காக அல்லவா அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறாள்.

வெட்டுக் காலம் தொடங்கியதும் அவளை அழைத்துப் போக அப்பா வந்தார். மகளைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்.

"எம் பொண்ண இங்க புள்ள பாக்கவா வுட்டேன்? அதுக்கு எங்கூட வந்தா நாலு கட்டு கரும்பாச்சும் கட்டும்."

கமலவேணி டீச்சர் முன்கோபக்காரர். வகுப்பில் சத்தம் போட்டால் பக்கத்து அறைக்குக் கேட்கும். அன்று அப்படி எதுவும் பேசவில்லை. "செத்த நேரம் உக்காருங்க. அது முடிச்சிடட்டும்" என்றார். அப்பா உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார். மழையில் தொலைந்துபோன ஆட்டுக்குட்டியின் கதை. பூங்கொடி அப்பாவைக் கண்டதும் திக்கினாள். சின்னப் பெண் ஒருத்தி, "அப்பறம் படிக்கா" என்று அவள் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். பாதியில் விடுதி மணி அடித்துவிட்டது. குழந்தைகள் சாப்பிட எழுந்தார்கள்.

"அந்தக் குட்டி இன்னா ஆச்சி?" என்று அப்பா கேட்டார்.

"உங்க பொண்ணயே கேளுங்க" என்றார் டீச்சர்.

மீதிப் பக்கங்களை அவள் அப்பாவுக்குப் படித்தாள். இப்போது அவர் உட்கார்ந்து கேட்டார். குட்டி கிடைத்தது என்று தெரிந்ததும் எழுந்து, "சரி, இருக்கட்டும். பொங்கலுக்கு வந்து பாத்துக்குறேன்" என்று தனியாகக் கடைசி வண்டிக்குப் போனார். அந்த ஆண்டு அவள் போகவில்லை. அடுத்த ஆண்டும் போகவில்லை.

பிறகு ஒருநாள் பூங்கொடி தடித்த புத்தகம் ஒன்றைப் பாதியில் திருப்பித் தந்து, "போரடிக்குது டீச்சர்" என்றாள். அன்று அவருக்கு வந்த மகிழ்ச்சியை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. "புடிக்கலன்னு சொல்றா பாருங்க. புரிஞ்சாத்தான புடிக்காம போவும்" என்று மலை வளைவு முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுகளில் வழக்கமாக எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பவர்.

எல்லாமே சரியாக நடக்கவில்லை. நான்காம் வகுப்பில் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று படிக்கும் ஒரு பையன் இருந்தான். பெரியவர்களுக்கான கதை ஒன்றைக் கொடுத்தார். அதில் தாய் இறந்துபோவாள். முந்தைய கோடையில்தான் அவன் தாய் இறந்திருந்தாள். அது எங்களுக்குத் தெரியாது. அவன் நூலகத்துக்கு வருவதையே விட்டுவிட்டான்.

"எழுத்து அவனுக்குச் சரியாதான் இருந்துச்சிங்க. கதைதான் ஜாஸ்தியாப் போச்சி" என்றார். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பையனை அவர் வற்புறுத்தவில்லை. தவளைகள் சண்டையிடும் சிரிப்புக் கதை ஒன்றை அவன் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டார். நெடுநாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அதைக் காணவில்லை. அவர் தேடவும் இல்லை.

அடக்கத்துக்குப் பூங்கொடி வந்திருந்தாள். சின்னசேலத்தில் மருந்துக் கடையில் வேலையாம். என் பக்கத்தில் வந்து நின்றாள். டீச்சரின் கணவர் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லியும் போட்டார். ஊரை அடுத்த அணைப் பக்கமிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வந்து, கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி நின்று, பிறகு போயின. வீட்டுக்கு வந்து குளித்தேன். சோறு வடித்தேன். எல்லாம் எப்போதும்போல் நடந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று நான்காம் வகுப்புக்கு நூலக வேளை. தலைமையாசிரியர் என்னைப் போகச் சொன்னார். வரிசையில் முதலில் வந்த சிறுமிக்கு, உயரத்தைப் பார்த்து ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவள் நடுப்பக்கத்தைத் திறந்து உதடு அசையப் படித்தாள். மூடினாள்.

"கஷ்டமா கீது டீச்சர். நானே வேற எடுத்துக்குறேன்."

அதை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, கீழ்த்தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். மற்றவர்களும் கலைந்து அலமாரிகளுக்குப் போனார்கள். ஒருத்தி ஒன்றை முகர்ந்து பார்த்தாள். ஒருவன் மூன்றை எடுத்து இரண்டைத் திருப்பி வைத்தான். என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அறையில் பக்கம் புரளும் சத்தம் மட்டும் இருந்தது. நான் கதவருகே நின்றிருந்தேன்.

கமலவேணி டீச்சர், பிள்ளைகள் அவரவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் நிம்மதியாகப் போகலாம்.