காய்ச்சல் என்று சொன்னோம்

முப்பதுகளில் மலேரியா எங்கள் பக்கத்தை வாரிக்கொண்டு போன வருஷம் அது. இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், ஒரே அறையான காம்பராவில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, தங்கச்சி நான் என்று இருந்தோம். அண்ணிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவளோடுதான் ரப்பர் பால் வெட்டப் போவேன், அவளோடுதான் சண்டையும் பிடிப்பேன்.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போதே, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மருந்தையா வந்து நிற்பார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொருவரும் அவர் கண் முன்னால் மலேரியாவுக்கான கொயினாத் தண்ணீரை விழுங்கினால்தான் வேலைக்கு அனுப்புவார்கள். படுத்துவிட்டவர்களைப் பார்க்க லயத்துக்கே வருவார். வீட்டு ஆண்பிள்ளை வாசலில் நின்று பதில் சொல்வான். உள்ளே கிடக்கும் பெண்பிள்ளை வாய் திறக்கமாட்டாள். அதுதான் எங்கள் வழக்கம். அந்த வருஷம் யார் படுத்தாலும் காய்ச்சல்தானே, வேறு என்ன என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

குழந்தைக்குப் பல்கூட முளைக்கவில்லை, அண்ணி மறுபடி தலைமுழுகாமல் இருந்தாள். அண்ணன் அப்போதுதான் காய்ச்சலிலிருந்து எழுந்திருந்தான். இன்னொன்றைத் தாங்க முடியாது என்று அண்ணி தானே முடிவு பண்ணி, கீழ் லயத்தில் ஒருத்தி காய்ச்சிக் கொடுத்த எதையோ குடித்துவிட்டாள். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் அவள் தன் சேலையை அலசும்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் சிவப்பாக ஓடியது.

என் இடுப்பில் குழந்தை இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து அதன் தலையில் வைத்தாள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. ஒங்க அண்ணனுக்கும் தெரியக்கூடாது. வெளிய தெரிஞ்சா பொலிசு வரும். தொர பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவாரு."

சத்தியம் பண்ணினேன். இரண்டொரு நாளில் எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

உதிரப்போக்கு நிற்கவே இல்லை. பிறகு குளிர் எடுத்து உதறியது. அண்ணன் வாசலில் நின்று, "காய்ச்சலுங்க ஐயா" என்றான். மருந்தையா கொயினாவைக் கொடுத்துவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார். அண்ணி என்னைப் பார்த்தபடியே அதைக் குடித்தாள்.

மலேரியா என்றால் விட்டு விட்டு வரும். இது விடவில்லை. வயிற்றில் கை பட்டாலே துடித்தாள். பாயில் ஒரு கெட்ட வாடை. அண்ணனோ, கொயினா வேலை செய்யக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? லயத்துக்கு லயம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த காலம். சொல்லாவிட்டால் அண்ணி போய்விடுவாள். இதே நினைப்பில் மரத்தை ஆழமாக வெட்டிவிட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

மறுநாள் பெரட்டில் என் முறை வந்தது. "வாயைத் திற பிள்ளை" என்றார் மருந்தையா. நான் கொயினாவை வாங்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி, "அண்ணிக்குக் காய்ச்சல் இல்லீங்க ஐயா. என்னமோ குடிச்சிக் கருவக் கலச்சிட்டாங்க" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் இதை முதலே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, லயத்தை நோக்கி வேகமாக நடந்தார். அண்ணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்: "உள்ளுக்கு மிச்சம் தங்கிப் பழுதாப் போச்சுது. நஞ்சு இரத்தத்திலை ஏறுது. இதுக்குக் கொயினா கேக்காது. உடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

ரப்பர் ஏற்றிய லொறியில் அவளைக் கிடத்திக்கொண்டு போனோம். பாதி மயக்கத்திலும் கண்ணைத் திறந்து, "எம்புள்ள தலையில சத்தியம் பண்ணிட்டுச் சொல்லிட்டியேடி" என்றாள். நான் சாக்கை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுத்தம் பண்ணினார்கள். உயிர் நிற்கும் என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே குழந்தைக்கும் மேல் சுட்டது. என் வாயால்தான் வந்தது என்று நான் செத்துப் பிழைத்தேன். நல்ல வேளை, அது நிஜமாகவே மலேரியா. கொயினாவுக்கு அடங்கியது.

அண்ணி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். மருந்தையா துரையிடம் என்ன சொன்னாரோ, பொலிசும் வரவில்லை, பத்துச்சீட்டும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை. மாதாமாதம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது பேசுகிறாள். கோபம் வந்தால் அந்தச் சத்தியத்தைத்தான் முதலில் இழுப்பாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன்னைச் சும்மா விட்டிருப்பேனா என்பாள். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.