நாளைக்கு அக்காவும் பல் குத்தும் குச்சியும்

என் நாத்தனாருக்கு அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் 'நாளைக்கு அக்கா' என்று பேர். நர்சுகள் வைத்தது. வார்டிலிருந்து யார் போன் செய்து, "அந்த ரத்தத்துல என்ன கிருமிக்கா?" என்று கேட்டாலும், "வளரட்டும், நாளைக்குச் சொல்றேன்" என்பாள். நோயாளியின் ரத்தத்திலோ சீழிலோ இருக்கும் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, சாயம் போட்டு, சோதனை மேல் சோதனை வைத்து, அது இன்னதென்று பேர் சொல்வது அவள் வேலை. பேர் தெரிந்தால்தான் டாக்டருக்கு மருந்து தெரியும்.

வேலையில் அப்படி இருந்தால் சரி, வீட்டிலுமா? ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்கப் போனால்கூட, "பகல் வெளிச்சத்துல பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று கடைக்காரனைக் கொட்டாவி விட வைப்பாள். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு மனுஷர் கேட்டபோதும் இதே பதில்தான். அவர் நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. எனக்கு அவள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் காலில் ஆணி ஏறிவிட்டது. சின்னக் காயம்தானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். கால் வீங்கி, குளிர் ஜுரம் தூக்கித் தூக்கிப் போட, அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, பேர் தெரிந்தால்தான் சரியான மருந்து போட முடியும், தாமதமானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெயிண்டர். அவருக்கும் இதே மாதிரி ஜுரம், ஆனால் எங்களுக்கு முன்னாலேயே வந்தவர். அவர் மனைவியும் நானும் ஒரே பிளாஸ்கில் வெந்நீர் பகிர்ந்துகொண்டோம். அவருக்கு ரத்தம் எடுத்ததும் சீக்கிரமே கிருமியின் பேர் வந்து, ஊசியும் போய்க்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே லேபுக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.

"அண்ணி, இவர் உங்க கூடப் பிறந்தவர்தானே? யாரோ பெயிண்டருக்குப் பேர் வந்தாச்சு. உங்க தம்பிக்கு இன்னும் வரல."

"சாயம் போட்டுப் பாத்துட்டேன். சிவப்பா, குச்சி மாதிரி இருக்கு. அதை டாக்டருக்குச் சொல்லியாச்சு. பொதுவா ஒரு மருந்து ஆரம்பிச்சிருக்காங்க."

"பேரு?"

"நாளைக்கு."

அவள் மேலே எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "உங்க நாளைக்கு ஒரு நாள் என் தாலியை அறுக்கப் போகுது" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவள் அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று உண்டு. ரிப்போர்ட் தாமதமாகிறது என்று லேப் மேற்பார்வையாளர் அவளைக் கொஞ்ச நாளாகவே ரத்த வங்கிக்குத் தள்ளிவைத்திருந்தார். தம்பிக்கு இப்படி என்றதும் அவள் சண்டை போட்டுத்தான் திரும்பி வந்திருந்தாள். அவள் இல்லாத நாட்களில் ரிப்போர்ட்டெல்லாம் பறந்திருக்கிறது. மேற்பார்வையாளருக்குப் பாராட்டுகூடக் கிடைத்ததாம். நல்லா இருக்கட்டும்.

மறுநாள் காலையில் மறுபடியும் லேபின் பாதி திறந்த கதவுப் பக்கம் நின்றேன். உள்ளே மேற்பார்வையாளர் ஒரு துண்டுத் தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். தாளில் ஊதாக் கறை. ஒரு ரசாயனத்தில் நனைத்த தாளில் கிருமியைத் தடவினால் சில வகைக்கு ஊதா வரும், சில வகைக்கு வராது. அதை வைத்து எந்தக் குடும்பத்துக் கிருமி என்று பிரிப்பார்கள் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள்.

"ஊதா வந்தாச்சு, பெயிண்டருக்கு வந்த அதே கிருமிதான். பேரை எழுதி அனுப்புங்க" என்றார் அவர்.

அண்ணி இன்னொரு சின்னக் குழாயை ஜன்னல் பக்கம் பிடித்தாள். தம்பியின் கிருமியைச் சர்க்கரையோடு போட்டு இரவெல்லாம் சூட்டில் வைத்த குழாய். மஞ்சளாக மாறியிருந்தது.

"இந்த ஊதா சரின்னா இந்த மஞ்சள் வரக் கூடாது சார். ரெண்டும் ஒத்துப்போகல. யார் தடவினது? எதால தடவினாங்க?"

"எதாலன்னா? கம்பியாலதான்."

"மரக்குச்சி எங்க?"

"தீந்துபோச்சு. கேட்டிருக்கு, வரும். அதுவரைக்கும் கம்பியிலதான் ஓட்டறோம். பைசா பெறாத குச்சிக்கு லேபை மூடச் சொல்றீங்களா?"

"இந்தக் கம்பி பட்டா, கிருமி இல்லாட்டியும் ஊதா வரும் சார். கம்பி பொய் சொல்லும்." அவள் குரல் உயரவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேண்டீன்ல பல் குத்தற குச்சி இருக்கும். பிரிக்காத பெட்டியா ஒண்ணு வாங்கிட்டு வா."

அடக் கடவுளே, உயிர் போகிற நேரத்தில் பல் குத்தும் குச்சியா என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஓடினேன். கல்லாவின் மேலிருந்த பெட்டியை நான் எடுத்துக்கொண்டு ஓட, "ஏம்மா, சாப்பிடாமலே குச்சியா?" என்று கேண்டீன்காரர் பின்னாலேயே கேட்டார்.

அவள் முதலில், ஊதா வர வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கிருமியைக் குச்சியால் தடவினாள். ஊதா வந்தது. வரக் கூடாத ஒன்றைத் தடவினாள். வரவில்லை. அப்புறம்தான் தம்பியின் கிருமி. நான் கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்றேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. உடனே பெயிண்டருடைய தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாள். அதுவும் வெள்ளை. இருவருக்கும் இருந்தது வேறு குடும்பத்துக் கிருமி. பெயிண்டருக்குப் போய்க்கொண்டிருந்த மருந்து அதைத் தொடவே தொடாது.

மேற்பார்வையாளர் கதவைச் சாத்தப் பார்த்தார். நான் இடுக்கில் என் காலை வைத்துக்கொண்டேன்.

"உங்க தம்பிக்குச் சரியா எழுதிடுங்க. பெயிண்டரோடதை நாளைக்கு மெதுவா மாத்திக்கலாம். இப்பவே கிளப்பினா ஆஸ்பத்திரி பேர் கெட்டுப்போகும்."

"இன்னைக்கு" என்றாள் அண்ணி.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டரைப் போனில் பிடித்து இரண்டு பேருக்கும் மருந்தை மாற்றச் சொன்னாள். கம்பியால் பார்த்த மற்றத் தட்டுகளையெல்லாம் எடுத்துத் திரும்பத் தடவ வைத்தாள். அதோடு விட்டாளா? வார்டுக்கு ஏறி வந்து பெயிண்டர் மனைவியின் முன்னால் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்த கிருமியோட பேரை நாங்க தப்பாச் சொல்லிட்டோம்மா. இப்பத்தான் சரியான மருந்து போடறாங்க."

நாங்களாம். அவள் ரத்த வங்கியில் இருந்தபோது நடந்ததற்கு அவள் 'நாங்க' என்றாள். செய்தவர் தன் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ஜுரம் இறங்கியது. பெயிண்டருக்கு மருந்து பிந்திவிட்டது. நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். என்ன நியாயம் இது? விசாரணை வந்தது, யார்மேல் என்கிறீர்கள்? நோயாளி வீட்டாரிடம் நேரடியாகப் பேசியது தவறு என்று அண்ணியைத் திரும்பவும் ரத்த வங்கிக்கே அனுப்பினார்கள். லேபில் இப்போது மரக்குச்சி அலமாரி நிறைய இருக்கிறதாம். ஓர் ஆள் போனால்தான் ஒரு கட்டுக் குச்சி வரும் என்றால், அந்த அலமாரியில் கொள்ளி வைக்க வேண்டாமா?

பெயிண்டர் மனைவி சாமான்களைக் கட்டியபோது பிளாஸ்கை என்னிடம் கொடுத்தாள். அழுது முடித்திருந்தாள்.

"உங்களுக்கு நாளைக்குன்னு சொன்னாங்கல்ல" என்றாள். "எங்களுக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம்."