காருக்குத் தீட்டுக் கழித்தார்கள்

அப்பு, உன் காரைக் குளிப்பாட்டிவிட்டார்கள்டா.

நீ காய்ச்சலில் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் சித்தப்பா மோட்டார் பைப்பைக் காருக்குள் விட்டுவிட்டார். சீட்டு, தரை எல்லாம் தண்ணீர்.

"என்ன தம்பி இது?"

"செத்தவன் ஓட்டுன வண்டி அண்ணி. தீட்டுக் கழிக்க வேணாமா?"

"எம்புள்ள உங்களுக்குத் தீட்டா? இதே வண்டியிலதான உங்கள திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போனான். அப்ப ஒட்டலையா?"

உன் சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலைந்து நாளாகக் கார் அழுகின நாற்றம். இன்று பெரம்பலூரில் இருந்து மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தினார்.

"யம்மா, வண்டி ஏரியில எறங்கிருச்சா?"

"ஏரியா இருந்தாத் தேவலையேப்பா. சொந்தக்காரங்க கையில சிக்கிருச்சு."

சீட்டைக் கழற்றி, அடியில் ஊறிக் கிடந்த மேட், பஞ்சு எல்லாவற்றையும் வெயிலில் போட்டார். சாயங்காலம் சீட்டைத் திரும்ப மாட்டும்போது கேட்டார்.

"சீட்ட எவ்வளவு பின்னாடி தள்ளி நிறுத்தட்டும்மா? யாரு ஓட்டப் போறது?"

உன் நீளக் காலுக்கு நீ தள்ளி வைத்திருந்த சீட்டு அது. கழற்றும் முன் பார்த்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

தீட்டுப் பார்க்கிற உறவுக்காரர்களே, இப்போது சுத்தமாகிவிட்டதா? இந்தப் பதிவின் கமெண்டில் வந்து சொல்லுங்கள். வீட்டுக்கு மட்டும் வராதீர்கள்.

அப்பு, சீட்டை எந்த இடத்தில்டா வைத்திருந்தாய்?