கல்லைக் கரைக்க நான் கறி விட்ட கதை

போன மாதம் ஒரு காலையில் எனக்கு இடுப்புக்குப் பின்னால் வலி வந்தது. வந்தது என்று சும்மா மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டிலிலிருந்து உருண்டு, குளியலறை வாசலில் குப்புறக் கிடந்தபடி, நிலத்துப் பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் யாருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "முதல்ல எந்திரிச்சு வேட்டியக் கட்டுங்க" என்றாள் அவள்.

தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் மிளகளவு கல் என்றார். மரண வாக்குமூலமே கொடுத்து முடித்தவனுக்கு மிளகு என்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

"கறி மீன் சாப்பிடுவீங்களா?"

"சின்னப் பிள்ளையிலயே விட்டுட்டேன்."

"நல்லது, அப்படியே இருங்க. பசலைக்கீரை, நிலக்கடலை மட்டும் குறைச்சுக்கங்க. தண்ணி நிறையக் குடிப்பீங்களா?"

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கூடலூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த மஞ்சள் கேன் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் அம்மா கறி தின்னமாட்டாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு கண் செருகிவிட்டதாம். பிள்ளை பிழைத்தால் இனி கவிச்சியைத் தொடுவதில்லை என்று குலசாமியிடம் நேர்ந்துகொண்டாள். எங்கள் குலசாமியோ வருஷா வருஷம் கிடா கேட்கிற சாமி. அதனிடம் போய்க் கறியை விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். ஆனாலும் சாமி ஒப்புக்கொண்டது. நான் பிழைத்தேன். அவள் கீரையும் கடலையுமாகக் காலத்தை ஓட்டினாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அம்மாவுக்கு முதன்முதலாகக் கல்லடைப்பு வந்தது. அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தவள் பானையை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோரம் சுருண்டாள். சத்தம் போடாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பார்க்க வந்த பெரியம்மா, டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே காரணம் சொல்லிவிட்டாள்.

"வெறும் கீரையும் கடலையுமாத் தின்னா வயித்துல கல்லு வராம பூவா பூக்கும்? எல்லாம் இந்தா நிக்கிறானே, இவனுக்காக நேந்துக்கிட்டதுதான்."

அவ்வளவுதான், எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா வயிற்றில் இருப்பது கல் அல்ல, நான்தான் என்று தோன்றியது. அவள் செத்துப்போனால் பெரியம்மா என்னைத்தான் கைகாட்டுவாள். என் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தேன்; கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. அது விலா எலும்பு என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் கோயிலுக்கு ஓடி, சாமியோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தேன். அம்மா கறி தின்னட்டும். அவளுக்குப் பதிலாக நான் விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும், அந்த வலியிலும் சிரித்துவிட்டாள்.

"ஏலே, நேத்திக்கடன் என்ன ஜீப்பு சீட்டா, மாத்தி உக்கார்றதுக்கு?"

அவள் தின்னவும் இல்லை, நான் சொன்ன சொல்லை மாற்றவும் இல்லை. வீட்டில் ஒரு சைவம் இரண்டானது. வாழைத்தண்டுச் சாற்றைக் குடித்துக் குடித்து அம்மாவுக்குக் கல் இறங்கியது. பெருமையை நான் வாழைத்தண்டுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கல் மறுபடி வந்தது. காரணமும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமை நான் கறித்துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றித் தின்றிருந்தேன். சாமி குழம்பையும் கணக்கில் எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றோடு குழம்பும் போயிற்று.

இந்தத் தடவை கம்பத்து டாக்டர் அப்பாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அப்பா ஒரு மஞ்சள் கேன் வாங்கிவந்தார். தினமும் அதை நிரப்புவது என் வேலை. அம்மா விடியும் முன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவாள். பொழுது சாய வந்து இறங்கியதும், நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல், கேனை வாசலில் வைத்துவிட்டு நேரே கொல்லைப்பக்கம் ஓடுவாள். எனக்குக் கோபமாக வரும். கேனைத் தூக்கிப் பார்த்தால் நிரப்பிய தண்ணீர் நிரப்பியபடி இருக்கும்.

"ஏம்மா குடிக்கல?"

"மலையில குளுருடா. தாகமே எடுக்கல."

"டாக்டரு அம்புட்டுச் சொன்னாக, கேக்குறாளா பாரு" என்பார் அப்பா. "திமிரு. கேனுக்கு மலையச் சுத்திக் காட்டிக் கூட்டியாறா." நானும் அதையே திருப்பிச் சொல்லிக்காட்டுவேன். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவாள். கேன் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். அந்தச் செடிக்குக் கல்லடைப்பு வந்ததே இல்லை.

பள்ளிக்கூட விடுமுறையில், அவளைக் குடிக்க வைத்தே தீருவது என்று நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். ஆணும் பெண்ணுமாக மூச்சுவிட இடமில்லாத கூட்டம். நான் கேனை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ஏக்கா, ஒம் மகன் கங்காணி ஆயிருவான் போலருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மலை ஏறும் வழியில், ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். ஆண்கள் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். நானும் போய் நின்று, ஒரு பாறையில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு வந்தேன். பெண்கள் ஒருத்திகூட இறங்கவில்லை. எல்லாரும் மறுபக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலும் அப்படித்தான். எந்தச் செடிக்குப் பின்னாலும் ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருந்தான். சற்று நேரம் ஆள் தலை தெரியாவிட்டால் கங்காணி பெயர் சொல்லிக் கத்தினான்.

இன்று என் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். எழுந்து போகச் சோம்பல்பட்டே தண்ணீர் குடிக்காமல் ஒரு மிளகைச் சம்பாதித்திருக்கிறேன். அந்த மலையில் அம்மாவுக்கு இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் என்று, டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதும்போது நினைத்துக்கொண்டேன். அம்மா இப்போது இல்லை. அவளிடம் சொல்லிச் சிரிக்கவும் முடியாது.

அன்று அந்த வளைவில், கால்சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஜீப்பில் ஏறியவன், கேனைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நல்லாக் குடிம்மா. ஒனக்கு என்ன கஷ்டம்?"

அம்மா மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். என் மனம் கோணக்கூடாது என்று உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மூடியை இறுக்கித் திருகி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். இந்தத் தடவை ஒருத்தியும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.