அமாரோ அண்ணன் சொன்ன இடம்

என் அண்ணன் அமாரோ ஃபுர்த்தாதோ தான் மீன் பிடிக்கும் இடத்தை யாரிடமும் சொன்னதில்லை. ஹாஃப் மூன் பே துறையில் இழுவைப் படகுக்காரர் எல்லோரும் அப்படித்தான், ஆனால் அண்ணன் ஒரு படி மேலே. கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, “சாமி, இடத்தைப் பற்றிப் பொய் சொன்னேன்” என்பாராம். எந்த இடம் என்று சாமியாருக்கும் சொல்ல மாட்டாராம். துறையில் இப்படித்தான் கேலி பேசுவார்கள்.

எங்கள் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். கடலில் ஆண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டபடியே நாங்கள் சமைப்போம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு மிச்சப் படிப்பெல்லாம் அந்தப் பெட்டிதான். “அமாரோ, மீன் எப்படி?” என்று வேறொரு படகிலிருந்து வெர்ன் கேட்பார். “மீனா? சேறும் கிளிஞ்சலும்தான்” என்பார் அண்ணன். அன்று மாலையே அவர் படகிலிருந்து நாக்கு மீன் பெட்டி பெட்டியாக இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசை. கூடப்பிறந்தவள் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

இழுவலையின் அடிப்பையான மடியில் மீன் மட்டுமா வரும்? துருப்பிடித்த நங்கூரம் வரும், படகு எஞ்சின் வரும், ஒரு தடவை விமானத்தின் இறக்கைகூட வந்தது. அதை வந்த இடத்திலேயே போட்டால் அடுத்தவன் வலை கிழியும். அதனால் தெற்கே இருக்கும் பாறைத்திட்டுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள். பாறையில் யாரும் வலை இழுப்பதில்லை. அடுத்தவனை நினைத்து வந்த வழக்கம், நல்ல வழக்கம்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் ஒரு காலையில் சூப்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் குரல் கேட்டது.

“வெர்ன், மடியில ஒரு பீப்பா வந்திருக்கு. உள்ள சிமெண்ட்டு. ஒரு பக்கம் வெடிச்சிருக்கு.”

கேட்டவர்களுக்கெல்லாம் புரிந்தது. உலகப் போர் முடிந்த பிறகு பல வருஷம், அரசாங்கத்தார் அணுக்கழிவைப் பீப்பாய்களில் சிமெண்ட்டோடு அடைத்து, எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் ஃபேரலான் தீவுகளுக்கு அப்பால் கடலில் தள்ளினார்கள். அவற்றில் பல சொன்ன ஆழத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று துறையில் பேச்சு.

“தொட்டியா?” என்றார் வெர்ன்.

“தொடுவேனா? பசங்க எல்லாம் படகோட முன்னாடி போய் ஒண்டிக்கிட்டு நிக்கிறானுங்க, பூனையப் பாத்த எலி மாதிரி.”

“வழக்கம்போல பாறைக்குக் கொண்டுபோய்த் தள்ளிடு.”

அப்போது என் வீட்டுக்காரர் குரல் குறுக்கே விழுந்தது. லியோனெல் தூண்டில்காரர். சின்னப் படகில் தனியாகப் போவார். அவர் பிழைப்பு முழுக்க அந்தப் பாறைத்திட்டுதான்.

“மச்சான், நான் பாறை மேலதான் நிக்கிறேன். என் தலையிலயா போடப்போற?”

“காலங்காத்தால அங்க போயிட்டியா?”

“என்னிக்கு நான் வராம இருந்தேன்? எஞ்சினப் போட்டீங்க, நங்கூரத்தப் போட்டீங்க, வாயத் தொறந்தேனா? யாரும் இல்லாத எடம்னு உங்களுக்கு எவன் சொன்னான்?”

“வலை போட முடியாத எடம் மச்சான் அது.”

“உனக்கு முடியாது. எனக்கு அதுதான் சாப்பாடு. உன் தங்கச்சிக்கும் அதுதான்.”

என் கத்தி நின்றுவிட்டது. ஒரு பக்கம் கூடப்பிறந்தவர், மறுபக்கம் கட்டியவர். கடல் ஆண்டவருடையது என்று சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள். பிறகு எப்படி அவரவர் போகாத பக்கமெல்லாம் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிறது? பீப்பாயை முதலில் தள்ளியவர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்களோ என்று யோசித்தேன்.

“கரைக்கு மட்டும் கொண்டு வந்துடாத,” என்றார் வெர்ன். “பேப்பர்காரன் படம் புடிச்சுப் போட்டான்னா, நம்ம துறை மீன நாய்கூட மோந்து பாக்காது.”

“அப்ப என்னதான் பண்ண? மடியில வச்சித் தாலாட்டவா?”

“எடுத்த எடத்துலயே போடேன்.”

“போடலாம். நான் இனி இங்க வரமாட்டேன். தெரியாம வேற எவனாவது வந்து இழுத்தா?”

“அப்ப சொல்லிட்டுப் போடு மச்சான்,” என்றார் என் வீட்டுக்காரர். “எந்த எடம்?”

எத்தனை படகும் எத்தனை அடுப்படியும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கின்றன என்று அண்ணனுக்குத் தெரியும். அவருடைய வீடு, படகு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அந்த இடத்திலிருந்து வந்தவை. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, சும்மா பிடித்துக்கொண்டேன்.

“எழுதிக்கங்க,” என்றார் அண்ணன்.

படகில் இருந்த இடங்காட்டும் கருவியின் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். “இங்கதான் போடறேன். யாரும் இங்க வலை எறக்காதீங்க. இந்த மடியில வந்த மீனையும் தள்ளிட்டேன்.”

“அடப்பாவி!” என்று வெர்ன் கத்தினார். “வடக்க வடக்கன்னு என்னை ஓட விட்டுட்டு, இத்தன நாளா பக்கத்துலயே குந்திப் புடிச்சிட்டிருந்தியா?” பெட்டி முழுக்கச் சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, “வருத்தமா அண்ணே?” என்று கேட்டேன்.

“புது எடம் தேடணும். கண்ணு முன்ன மாதிரி இல்ல,” என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் படகு பாதி வெறுமையாகத்தான் வந்தது.

சொன்ன பிறகும் சில படகுகள் அந்தப் பக்கம் போயின. வெர்னும் போனார். “போடாதேன்னு உன் அண்ணன் கத்துனது ஒருத்தன் காதுலயும் ஏறல. நாக்கு மீன் அங்க இருக்குங்கறது மட்டும் ஏறியிருக்கு,” என்று என் வீட்டுக்காரர் எரிச்சல்பட்டார். அண்ணனிடம் சொன்னேன். “கடலுக்கு வேலியா போட முடியும்? சொல்றதுதான் நம்மால ஆனது,” என்றார்.

தவக்காலத்தில் ஒரு நாள் பெட்டியில் வெர்னின் குரல். கேலி இல்லை, கத்தல் இல்லை.

“எனக்கும் ஒண்ணு வந்திருக்கு.”

அவரே எண்களைச் சொல்லத் தொடங்கினார். அண்ணன் சொன்ன எண்கள் அல்ல. “இது என் எடம். எங்கப்பா காட்டுன எடம்,” என்றார். முதலிலிருந்து மறுபடியும் எண்களைச் சொன்னார்.

“எழுதிட்டேன் வெர்ன்,” என்றார் அண்ணன். “மெதுவா எறக்கு.”