ஓட்டாமல் கொண்டுவரவும்

சர்வீஸ் அட்வைசர் என்பது, யாரோ எங்கேயோ செய்த தப்புக்கு ஏசி ரூமில் நின்றபடி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சிரித்த முகத்தோடு திட்டு வாங்குகிற உத்தியோகம். கும்மிடிப்பூண்டியில் ஹைவே ஓரமாக இருக்கும் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பேங்க் கவுன்ட்டரோ, ரேஷன் கடையோ, கேஸ் ஏஜென்சியோ, எங்கேயாவது நின்று "இன்னும் வரலைங்க, அடுத்த வாரம் பாருங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பீர்கள் என்றால் நீங்களும் என் இனம்தான். உட்காருங்கள், பேசுவோம்.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி விற்ற ஒரு மாடல் காரில், டிரைவர் பக்க ஏர்பேக்கை ஊதவைக்கும் சின்ன உலோகக் குப்பி சரியில்லை என்று தெரியவந்தது. வண்டி பலமாக மோதினால் பை விரிவதோடு குப்பியும் சேர்ந்து வெடித்து, அதன் தகடு ஓட்டுபவர் முகத்தில் பாயலாம். அதனால் அந்த மாடல் வண்டிகளையெல்லாம் கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டது. எங்கள் பாஷையில் ரீகால். குப்பியை இலவசமாக மாற்றித் தருவார்கள். கடிதம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. குப்பி மட்டும்தான் வரவில்லை.

கயிறு கட்டிய கார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது வாட்ச்மேன் வந்தார். "மேடம், ஒரு டிராக்டர் சர்வீஸுக்கு வந்துக்குது." நாங்கள் டிராக்டர் பார்ப்பதில்லை என்று சொல்லத்தான் வெளியே போனேன். டிராக்டருக்குப் பின்னால் தாம்புக்கயிற்றில் ஒரு வெள்ளைக் கார் கட்டியிருந்தது. டிராக்டரிலிருந்து இறங்கியவர் முனிரத்தினம். ஆரம்பாக்கம் பக்கம் நெல் விவசாயம். சட்டைப்பையிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். முதல் பத்தியில் 'பாகத்தை மாற்றும்வரை வாகனத்தை ஓட்டுவதைத் தவிர்க்கவும்.' இரண்டாம் பத்தியில் 'வாகனத்தை உடனே அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும்.' இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்த ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் தம்பி உட்கார்ந்திருந்தார், தலையில் ஹெல்மெட்டோடு. "ஐயா, அந்த சீட்ல உக்கார்றவங்களுக்குத்தான் ஆபத்தே" என்றேன். "அவன் எங்க ஓட்னான்? சும்மா புடிச்சிக்கினுதானே வந்தான்" என்றார் முனிரத்தினம். பார்ட் இன்னும் வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் தண்ணீர் கொடுத்தேன், அப்புறம் டீ கொடுத்தேன், அப்புறம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கயிற்றின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டிராக்டருக்கும் இந்த மாதிரி லெட்டர் வருமா மேடம்? வந்துச்சுனா ரெண்டையும் மாட்டுல கட்டி இஸ்துகினு வரணும், அதான் கேட்டேன்."

மச்சான் சீட்

பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹாஜா பாய் கடிதத்தை வேறு மாதிரி படித்தார். அவர் மாதம் தவறாமல் வருவார். எப்போதும் தானே ஓட்டி வருகிற மனிதர், கடிதம் வந்த பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து வர ஆரம்பித்தார். ஸ்டீயரிங்கில் அவருடைய மச்சான் சலீம். "டிரைவர் பக்கம்தானே பேஜாருன்னு போட்டுக்கீது? நான்தான் பின்னாடி குந்திக்கினேனே" என்றார் பாய் நிம்மதியாக. "அப்போ சலீம் பாய்?" என்று கேட்டேன். "அவன் மெதுவாத்தான் ஓட்டுவான்."

நான் அவரை உட்காரவைத்து, குப்பி எப்படி வெடிக்கும், தகடு எங்கே பாயும் என்று படம் போட்டே காட்டினேன். பாய் முகம் மாறிவிட்டது. "அவ்ளோ இருக்கா? என் பீவிக்கு ஒரே தம்பி மேடம்" என்றார். இனிமேல் பஸ்ஸில் போவதாகச் சொல்லி எழுந்து போனார். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாக சலீம் மட்டும் திரும்பி வந்தார். பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. என் மேஜைமேல் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "பஸ்ஸெல்லாம் ரெண்டு நாளைக்குத்தான், மறுபடி என்னைத்தான் ஓட்டச் சொல்வாரு. பின்சீட்டுக்கும் ஆபத்துன்னு ஒரு லெட்டர் அடிச்சிக் குடுக்க முடியுமா மேடம்? கம்பெனி சீல் இல்லாங்காட்டியும் பரவால்ல."

நீல ஷெட்

பாஸ்கர் எதிர்ப்புற ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வருவார். அவருக்கும் அதே மாடல் கார்தான். ஏழாவது தடவை வந்தபோது, "எங்கிருந்துதான் மேடம் வரணும் அந்தக் குப்பி?" என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து என்றேன். பார்ட் படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஸ்க்ரீனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், ரோட்டுக்கு அந்தப்பக்கம் தெரிந்த நீலக் கூரை ஷெட்டைக் காட்டினார். "தோ, அங்கதான் அடிக்கிறோம். புது மாடல் குப்பி. என் லைன்தான்."

கதை இதுதான். குப்பியின் வெளிக்கூட்டை அவர்கள் இங்கே செய்கிறார்கள். அது லாரியில் காட்டுப்பள்ளிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது. வெளிநாட்டில் அதற்குள் வெடிமருந்து அடைத்து, சீல் வைத்து, மறுபடி கப்பலில் காட்டுப்பள்ளிக்கே அனுப்புகிறார்கள். இறங்கியதும் வடக்கே எங்கேயோ இருக்கும் பெரிய கோடவுனுக்குப் போகிறது. அங்கிருந்துதான் எங்களுக்கு வரவேண்டும். எங்கள் வாசலிலிருந்து நீல ஷெட்டுக்கு, ரோட்டைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்தால், நாலு நிமிஷ நடை. பாஸ்கர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் மனைவிக்கு அது ஏழாம் மாதம். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அந்த வண்டியில்தான் கூட்டிப் போகவேண்டும், ஆட்டோ குலுக்குகிறது என்றார். நான் அவர் கேஸை 'அவசரம்' என்று மார்க் பண்ணினேன். எங்கள் சிஸ்டத்தில் எல்லாக் கேஸும் அவசரம்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது: "நான் செஞ்ச குப்பி ரெண்டு தடவை கப்பல் ஏறி உலகத்தைச் சுத்திட்டு வருது மேடம், நானு இன்னும் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குள்ளகூட போனதில்ல."

தானாகச் சரியான வண்டி

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். வசந்தி டீச்சர் திருவள்ளூரில் கணக்கு எடுப்பவர். கடிதம் வந்ததும் எங்களிடம் புகார் பதிந்துவிட்டு, காரைக் கவர் போட்டு மூடி ரயிலிலேயே போய்வந்தவர். ஒருநாள் முன்பக்க பம்பர் நசுங்கிய காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். கல்யாண மண்டப வாசலில் திருப்பும்போது தூணில் இடித்துவிட்டதாம். பக்கத்து சீட்டில் அவர் மகள். "குப்பி மாத்தாம ஏன் டீச்சர் ஓட்டினீங்க?" என்று பதறிவிட்டேன். "இனிமே ஒண்ணும் பயமில்லைன்னு நீங்கதானேம்மா அனுப்பினீங்க?" என்று அவர் போனை எடுத்து எங்கள் கம்பெனி அனுப்பிய மெசேஜைக் காட்டினார். 'தங்கள் புகார் நிறைவாகத் தீர்க்கப்பட்டது. பாதுகாப்பான பயணத்துக்கு வாழ்த்துகள்.'

மெக்கானிக் ஸ்டீயரிங் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பழைய குப்பி அப்படியே இருந்தது. தூணில் இடித்தது நடக்கிற வேகத்தில் என்பதால் பை விரியவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய்த் தேடினால் விஷயம் தெரிந்தது. முப்பது நாளுக்கு மேல் திறந்தே கிடக்கும் புகாரைச் சிஸ்டம் தானாக மூடிவிடுகிறது. மூடியதும் தானாக வாழ்த்தும் அனுப்புகிறது. டீச்சர் மட்டுமில்லை, எங்கள் பட்டியலில் பாதிப் பேருக்கு அந்த வாழ்த்து போயிருந்தது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. மகளை இறங்கச் சொல்லி, வண்டிச் சாவியை என் மேஜையில் வைத்தார். "நான் பசங்களுக்குத் தப்பான விடைக்கு ஸ்டெப் மார்க்காவது போடுவேன். நீங்க கணக்கே போடாம விடை எழுதிட்டீங்களேம்மா" என்றார். நான் நேராக மேனேஜர் ரகு சாரிடம் போனேன். எல்லோருக்கும் போன் பண்ணி, அந்த மெசேஜ் தப்பு, வண்டியை ஓட்டாதீங்க என்று சொல்லியாகவேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தினார். கஸ்டமர் பயந்துவிடுவார்களே என்றார். பயப்படட்டும் சார் என்றேன். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாம இருக்கணும்னுதானே மஞ்சு அந்த மெசேஜையே வெச்சிருக்கோம்."

வரப்புக்கு அந்தப்பக்கம்

மெசேஜையும் பழைய குப்பியின் போட்டோவையும் ஒரே தாளில் பிரின்ட் எடுத்து மறுபடி ரகு சார் முன்னால் வைத்தேன். அவர் கஸ்டமர் லிஸ்டை என் பக்கம் தள்ளிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்து போன் பண்ணினேன். பலர் திட்டினார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு பெரியவர் நான் லோன் வேண்டுமா என்று கேட்கிறேன் என்று நினைத்துக் கடைசிவரை வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு மட்டும் நாலு தடவை பண்ணினேன்.

தனசேகர் என்பவர் காரை விற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார். யாருக்கு என்று கேட்டேன். பக்கத்து நிலத்துக்காரர் வேலுவுக்கு. "அவர் நம்பர் குடுங்க சார்" என்றதும் "அது முடியாது மேடம்" என்றார். வண்டி விற்ற பிறகு இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. "அவனுக்கு இன்னா ஆனா எனக்கு இன்னா மேடம்? அரை அடி வரப்பை வெட்டித் தின்னவன்" என்றார். நான் வாதாடவில்லை. குப்பி வெடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். "காலைல அவன் பொண்டாட்டிதான் ஓட்டுவா, பசங்களை ஸ்கூலுக்கு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு நம்பரை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் எழுதியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். கடைசியாக ஒன்று கேட்டுக்கொண்டார்: "நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம், அப்புறம் என்னை நல்லவன்னு நெனச்சிக்கப் போறான்."

வெடிச்சிக் காட்டு

முதல் கடிதம் போய்ப் பதினொரு மாதம் கழித்து, ஒரு மினி லாரியில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஸ்டோர்ஸில் இருப்பவர் கற்பூரம் காட்டாத குறைதான். முதலில் மாற்றியது நாகம்மா வண்டிக்கு. சிப்காட் வேலையாட்களுக்கு மெஸ் நடத்துகிறவர். காலையில் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டையோடு, ஓட்டாதீங்க என்றாலும் கேட்காமல், அவரே ஓட்டிவந்து குப்பி வந்துதா என்று கேட்டுவிட்டுப் போவார். குப்பி மாற்ற நாற்பது நிமிஷம். முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார். சாவியைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன். போடவில்லை.

"வேலை செய்யுதா?" என்றார். செய்யும்மா என்றேன். "எப்படித் தெரியும்? அடுப்பு வாங்குனா பத்தவெச்சிக் காட்றான். மிக்ஸி வாங்குனா ஓட்டிக் காட்றான். இதை ஒருவாட்டி வெடிச்சிக் காட்டு, பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்." மெக்கானிக்குகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருமுறை விரிந்தால் அவ்வளவுதான், மறுபடி புதுசுதான் போடவேண்டும், அதற்கு மறுபடி காத்திருக்கவேண்டும் என்று விளக்கினேன். நாகம்மா ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து, மாவு பதம் பார்ப்பதுபோல் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அப்போ இது வேலை செய்யுதான்னு சாவறவரைக்கும் தெரியாம இருந்தாத்தான் நமக்கு நல்லதுன்னு சொல்லு. இதை அந்த லெட்டர்லயே போட்டிருந்தா நானு இத்தினி வாட்டி உன் உசுரை வாங்கியிருக்க மாட்டேனே யம்மா!"

ஒருநாளும் உபயோகப்படவே கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் ஒரு பொருளுக்காக ஜனங்களைப் பதினொரு மாதம் காக்கவைத்துவிட்டு, கடைசியில் 'எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?' என்று முகம் கோணாமல் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.