பாதி உயரத்தில் இரண்டு இரவு

எங்கள் விமான டிக்கெட் ஆபீசில் அவளுக்கு 'முன்ஜாக்கிரதை முத்தம்மா' என்று பட்டம் கட்டியவன் நான்தான். பதினாறு வருஷமாக எனக்குப் பக்கத்து மேஜை. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போனால் போதும்; அவள் ஐந்து மணி நேரம் என்பாள். மாத்திரையைக் கைப்பையில் வை, பாஸ்போர்ட்டை மூன்று நகல் எடு, பெட்டியில் சிவப்புத் துணி கட்டு. ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை பாட்டு!

"நீயே கூடப் போயி ஊட்டிவிட்டுட்டு வாயேன்" என்பேன்.

"சிரிங்க, சிரிங்க. விமானத்தைக் கோட்டை விட்டவங்க உங்ககிட்டயா வந்து அழறாங்க?" என்பாள். அதுவும் நிஜம்தான்.

அவளிடம்தான் அந்தத் தையல்கார அம்மா வந்தார். அறுபத்திரண்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகன். அவனுக்குத் தென் அமெரிக்காவில், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஒரு நகரத்தில், சுரங்க எந்திரம் பழுது பார்க்கிற வேலை. கணையம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கீழே இறக்க முடியாத நிலை. சீக்கிரம் வாருங்கள் என்று அவனோடு வேலை செய்கிறவன் போன் பண்ணியிருந்தான். மகனைப் பார்க்கப் போவதற்கென்று முன்பே எடுத்த விசா கையில் இருந்தது.

மூன்று விமானம் மாற வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் காற்று குறைவு. அம்மாவுக்கோ ரத்தக் கொதிப்பு. எங்கள் மாடிப்படி ஏறி வந்ததற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இவள் விடுவாளா? அம்மாவைப் பார்க்கிற டாக்டருக்கே போன் போட்டாள். வழியில் பாதி உயரத்தில் இருக்கிற ஊரில் இரண்டு இரவு தங்கி, உடம்பு பழகிய பிறகு ஏறுவது நல்லது என்றார் அவர்.

"நான் செத்தாலும் பரவால்லமா. நேரா போடு."

"அங்க போயி நீங்களும் ஒரு கட்டில்ல படுத்துட்டா, உங்க புள்ளைய யாரும்மா பாத்துக்குவா? ரெண்டு நாள்தானே."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ சொல்றது சரிதாம்மா" என்றேன். வருஷம் பூராவும் கிண்டல் செய்த வாய், அன்றைக்குப் பார்த்து ஒத்து ஊதியது.

எந்த ஊரில் எந்த வாசல், யாரிடம் என்ன காட்ட வேண்டும் என்று பெரிய எழுத்தில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். சக்கர நாற்காலிக்குச் சொன்னாள். படி ஏறக் கூடாதென்று விடுதியில் தரைத்தளத்தில் அறை பிடித்தாள்.

விடுதியில் தங்கிய இரண்டாம் நாள் மத்தியானம் மகன் போய்விட்டான். அன்று காலை வரை நினைவு இருந்ததாம். அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். நேராக ஏறியிருந்தால் முந்தின நாள் மத்தியானமே அவன் பக்கத்தில் இருந்திருப்பார்.

"விதி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றேன்.

"விதியா டிக்கெட் போட்டுச்சு? நான்ல போட்டேன்" என்றாள்.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. "ரெண்டு வழி இருக்கு, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பதோடு சரி. எனக்குக் கிண்டல் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பாழாய்ப்போன ஆபீஸ், ஒரு சிரிப்பு இல்லாமல் நாள் போயிற்று.

ஒரு மாசம் கழித்து அந்த அம்மா படியேறி வந்தார். நாலு வார்த்தை திட்டினால்கூட நல்லது என்று எனக்கு இருந்தது. அவர் திட்டவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னபடியே செஞ்சேம்மா. தலை சுத்தல, மூச்சு முட்டல. அவன அடக்கம் பண்ற வரைக்கும் கால் கடுக்க நின்னேன், ஒண்ணும் ஆகல. நல்லபடியா திரும்பி வந்துட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. அந்த அம்மா கையை விடாமலே கேட்டார்:

"இனி இந்த உடம்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், அதையும் நீயே சொல்லு கண்ணு."